அமோனியா வாடை, அபாயச் சங்கு, வயலடிக் குழாய்: டெல்டா வாசகர்களின் கேள்விகள்

இரசாயன ஆலைகளில் பாதுகாப்பு அதிகாரியாக இருபத்தாறு ஆண்டுகள் உழைத்துவிட்டுக் கும்பகோணம் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறேன். உத்தியோகம்தான் ஓய்ந்தது, கேள்விகள் ஓயவில்லை. “நெல் விளைகிற பூமியில் இரசாயன விபத்துச் சட்டம் எதற்கு?” என்று தொடங்கும் கடிதமே அதிகம். அதே கடிதத்தின் அடுத்த பத்தியில் பக்கத்து ஐஸ் பாக்டரியோ, குடிநீர் நிலையத்தின் குளோரின் அறையோ, வயலுக்கடியில் போகும் குழாயோ வந்துவிடுகிறது. இவற்றை யாரும் ஆலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்த முறை வந்தவற்றில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன்.

ஐயா, எங்கள் வீடு நாகப்பட்டினத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில். பக்கத்து மனையில் ஐஸ் பாக்டரி. நடுஇரவில் சில நாள் அமோனியா நெடி கண்ணைக் கரிக்கிறது. கேட்டால், “சட்டம் சொல்கிற அளவுக்குள்தான் வைத்திருக்கிறோம்” என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 1989இல் ஒரு விதித்தொகுப்பு வந்தது. அபாயகரமான இரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி பற்றிய விதிகள் அவை. ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு அளவுக் கோடுகள் அதில் உண்டு. அமோனியாவுக்கு 60 டன், 600 டன். முதல் கோட்டைத் தொட்டால் அரசுக்கு அறிவிப்பு, அவசரகாலத் திட்டம், அக்கம்பக்கத்தாருக்குத் தகவல். இரண்டாவதையும் தொட்டால் முழுப் பாதுகாப்பு அறிக்கை, ஆண்டுதோறும் வெளியாள் செய்யும் தணிக்கை. ஒரு சாதாரண ஐஸ் பாக்டரி 60 டன்னுக்கு அருகில்கூடப் போகாது. அந்த வகையில் உங்கள் அண்டைவீட்டார் சொல்வது சரி.

ஆனால் அதே தொகுப்பின் நான்காவது விதியை அவர்கள் படித்திருக்க மாட்டார்கள். அபாயப் பட்டியலில் உள்ள பொருளைத் தொழிலில் பயன்படுத்துகிறவர் அதன் ஆபத்துகளைக் கண்டறிந்து, தடுக்க ஏற்பாடு செய்து, வேலையாட்களுக்குப் பயிற்சியும் கருவிகளும் கொடுத்ததைக் காட்டியாக வேண்டும் என்கிறது அது. இந்தக் கடமைக்குக் குறைந்தபட்ச டன் கணக்கு கிடையாது. ‘அளவுக்குள்’ என்ற பதில் காகித வேலையிலிருந்துதான் விடுதலை தரும்.

நடுஇரவு நெடிக்கு என் ஊகத்தைச் சொல்கிறேன். கம்ப்ரசரின் எண்ணெய் அமோனியாவோடு சேர்ந்து பயணம் செய்து, கலன்களின் அடியில் தங்கும். அதை அவ்வப்போது வடிக்க வேண்டும். வடிகுழாயில் ரப்பர் ஹோஸைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் வாளிக்குள் விட்டு, வால்வைத் திறப்பார்கள். ஒரு பழைய ஐஸ் பாக்டரியில் நானே பார்த்தேன்: வால்வின் கைப்பிடி திறந்தபடியே நிற்பதற்குச் சணல் கயிற்றால் கட்டிவிட்டு, ஆபரேட்டர் டீ குடிக்கப் போயிருந்தார். எண்ணெய் தீர்ந்தால் அதன் பின்னால் வருவது திரவ அமோனியா. வாளித் தண்ணீர் எவ்வளவு நேரம் தாங்கும்? குளிர்பதன நிலையங்களின் கசிவுகளில் இந்த எண்ணெய் வடிப்புக்கு எப்போதும் ஒரு பெரிய பங்கு உண்டு. இதற்கு மருந்து, கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு. பெரிய செலவில்லை. “எண்ணெய் வடிக்கிற இடத்தில் ஸ்பிரிங் வால்வு இருக்கிறதா?” என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விஷயம் தெரிந்தவர் கேட்கிறார் என்றதும் பேச்சின் தொனி மாறும். மாறாவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு, நெடி வந்த தேதியும் நேரமும் குறித்து எழுதுங்கள்.

பெருங்கசிவு வந்தால்? அமோனியா காற்றைவிட லேசு என்று பள்ளியில் படித்ததை அப்போது நம்பாதீர்கள். குளிர்ந்து பீறிடும் அமோனியா ஈரத்தோடு சேர்ந்து வெண்பனியாகத் தரையோடு தவழும். துண்டை நனைத்து மூக்கை மூடிக்கொண்டு, காற்றுக்குக் குறுக்காக நடங்கள். அமோனியா தண்ணீரில் தாராளமாகக் கரையும் என்பதால் ஈரத்துண்டுக்கு இங்கே உண்மையான பயன் உண்டு. கண்ணில் பட்டால் கால் மணி நேரம் விடாமல் கழுவ வேண்டும். வாடைக்காற்று அடிக்கும் ஐப்பசியில் உங்கள் வீடு பாக்டரிக்கு எந்தப் பக்கம், கச்சான் அடிக்கும் ஆடியில் எந்தப் பக்கம் என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

‘செவேசோ’ என்ற சொல் பாடத்தில் அடிக்கடி வருகிறது. நம் நாட்டு விதிகளுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? – கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

செவேசோ இத்தாலியில் மிலான் அருகே உள்ள சிறு நகரம். 1976 ஜூலை 10, சனிக்கிழமை. பக்கத்திலிருந்த இரசாயன ஆலையின் உலைக்கலனில் சூடு எல்லை மீறி, டையாக்சின் என்ற கொடிய நச்சு கலந்த மேகம் ஊர்மீது இறங்கியது. கோழிகளும் முயல்களும் செத்தன. குழந்தைகளின் தோலில் கொப்புளங்கள் வந்தன. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதியிலிருந்து மக்களை வெளியேற்றவே இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. எது விழுந்தது என்று ஊருக்கு யாரும் சொல்லவில்லை என்பதே அங்கே பெரிய கோபம். 1982இல் ஐரோப்பா கொண்டுவந்த நெறிமுறை அந்த ஊரின் பெயரையே தாங்கியது. 1996இலும் 2012இலும் அதை மாற்றி எழுதினார்கள். பிரிட்டன் அதைத் தன் சட்டத்துக்குள் கொண்டுவந்து நடத்துகிறது.

நம் 1989 விதிகளின் எலும்புக்கூடு அங்கிருந்து வந்தது. பட்டியல், இரண்டு அளவுக் கோடுகள், பாதுகாப்பு அறிக்கை, அக்கம்பக்கத்தாருக்குத் தகவல் எல்லாம் அந்த வழிதான். அதற்கு உயிர் கொடுத்தது 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு. போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட் சுமார் 40 டன். இன்றைய பட்டியலில் அந்தப் பொருளுக்கு எதிரே உள்ள எண் 150 கிலோ. உங்கள் ஆசிரியர் அனுமதித்தால் இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதிப் பாருங்கள்.

குத்தாலம் வட்டத்தில் எங்கள் வயலுக்கடியில் எரிவாயுக் குழாய் போகிறது. உழலாமா, போர் போடலாமா? கசிந்தால் எப்படித் தெரியும்?

நிலம் உங்களுடையதுதான். 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டம் நிறுவனத்துக்குக் கொடுப்பது பயன்பாட்டு உரிமை மட்டும். அந்தப் பட்டையில் நடவு, உழவு, அறுவடை எல்லாம் வழக்கம்போல் செய்யலாம். கட்டடம் கட்டுவது, கிணறு குளம் வெட்டுவது, மரம் நடுவது கூடாது. போர் போடவே கூடாது. பயன்பாட்டு உரிமைக்கான இழப்பீடாக அந்தச் சட்டம் வைத்தது நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். அது போதுமா என்று என்னைக் கேட்டால் போதாது என்பேன்.

டிராக்டர் உழவைப் பற்றி எனக்குப் பயமில்லை. பயமெல்லாம் தூர் வாரும்போதுதான். குழாயைப் புதைக்கும்போது மேலே ஒரு மீட்டராவது மண் இருக்கும். அப்புறம் வாய்க்கால் கரை நகரும், வரப்பு மாறும், மேட்டூர் திறப்புக்கு முன் அவசர அவசரமாகப் பொக்லைன் இறங்கி அடிமண்ணை வாரிக் கரையில் கொட்டும். நாலைந்து முறை தூர் வாரிய வாய்க்காலில் குழாய்க்கு மேல் எத்தனை அங்குலம் மண் மிச்சம் என்று யார் அளந்தார்கள்? உங்கள் பகுதியில் இயந்திரம் இறங்குவதற்கு முன், குழாய் கடக்கும் இடத்தில் நிறுவனத்தின் ஆள் நிற்க வேண்டும் என்று நீர்வளத் துறைக்கும் நிறுவனத்துக்கும் முன்கூட்டியே எழுதுங்கள். மஞ்சள் அடையாளக் கல்லைப் பிடுங்கி வரப்போரம் போட்டுவிடும் வழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க மூக்கை நம்ப வேண்டாம். சமையல் கேஸின் நாற்றம் மெர்காப்டன் என்று வேண்டுமென்றே சேர்க்கும் பொருளால் வருவது. எரிவாயுக் கிணற்றிலிருந்து குழாயில் வரும் வாயுவில் அது இருக்காது. வயலில் பார்க்க வேண்டியவை வேறு. சேற்றில் கால் வைத்தால் குமிழி வருவது சதுப்பு வாயு, அது எல்லா நெல்வயலிலும் உண்டு. காலே வைக்காமல், ஒரே இடத்தில், விடாமல் கொப்பளிக்கிற தண்ணீர் வேறு சங்கதி. குழாய்ப் பாதையில் மட்டும் நீளவாக்கில் பயிர் மஞ்சளிப்பது, தண்ணீர்மேல் வானவில் படலம், ‘உஸ்’ என்ற சத்தம் இவையெல்லாம் அறிகுறிகள். கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று வயலில் எண்ணெய் கசிந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஆந்திராவில் கோதாவரி டெல்டாவின் நகரம் என்ற ஊரில் 2014 ஜூன் 27 விடியற்காலை, குழாயிலிருந்து கசிந்து பரவிய வாயு தீப்பிடித்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஈரம் கலந்த வாயு இரும்பை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சந்தேகம் வந்தால் மோட்டாரைப் போடாதீர்கள், ஓடினால் நிறுத்தவும் போகாதீர்கள், சுவிட்சில் தீப்பொறி உண்டு. பீடி, டிராக்டர், கைப்பேசி எல்லாவற்றோடும் தள்ளிப் போய், அடையாளக் கல்லில் உள்ள எண்ணுக்கும் மாவட்டப் பேரிடர் எண்ணான 1077க்கும் பேசுங்கள்.

எங்கள் தெரு உரக்கடையில் யூரியா மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருக்கின்றன. பெய்ரூட் போல வெடித்துவிடுமா? – மன்னார்குடி

வெடிக்காது. லெபனானின் பெய்ரூட்டில் 2020 ஆகஸ்ட் 4 அன்று வெடித்தது 2,750 டன் அமோனியம் நைட்ரேட். யூரியா வேறு பொருள். தனி அமோனியம் நைட்ரேட் நம் நாட்டில் 2012 முதல் வெடிபொருள் சட்டத்தின் விதிகளுக்குள் இருக்கிறது, உரக்கடையில் கிடைக்காது. அந்தக் கடையில் நான் கவலைப்படுவது பின்னறைப் பூச்சிமருந்தைப் பற்றித்தான். தீப்பிடித்தால் அந்தப் புகையை வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள்.

பனங்குடிப் பக்கம் இருக்கிறோம். அவ்வப்போது ஆலையில் சங்கு ஊதுகிறது. ஒத்திகையா, நிஜமா என்று தெரியாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறோம். எங்களிடம் யாரும் எதுவும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய கடமை யாருக்காவது உண்டா?

உண்டு, எழுத்தில் உண்டு. முதல் அளவுக் கோட்டைத் தாண்டிய எந்த ஆலையும் உள்வளாக அவசரகாலத் திட்டம் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்த வேண்டும். மதிலுக்கு வெளியே உள்ளவர்களுக்கான திட்டம் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு, அதற்கு ஆண்டுக்கு ஒரு ஒத்திகையாவது கட்டாயம். பதினைந்தாவது விதி உங்களுக்காகவே எழுதப்பட்டது. விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய பகுதியில் இருப்பவர்களுக்கு, ஆபத்து எப்படிப்பட்டது, என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்பதை ஆலை நேராகவோ மாவட்ட நிர்வாகம் வழியாகவோ தெரிவித்திருக்க வேண்டும்.

1996இல் வந்த இரசாயன விபத்து விதிகள் மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு நெருக்கடிக் குழுவை வைத்தன. அது 45 நாளுக்கு ஒருமுறை கூட வேண்டும். தொழில் பகுதி அளவில் கோட்டாட்சியர் தலைமையில் இன்னொரு குழு, மாதம் ஒருமுறை. தாளில் எல்லாம் அழகாக இருக்கிறது. கடைசியாக எப்போது கூடினார்கள், கூட்டக் குறிப்பில் உங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டுக் கேட்டால் இன்னும் கனம். கேட்க வேண்டியவை மூன்றே: உள்ளே என்ன பொருள், அதிகபட்சம் எவ்வளவு, சங்கின் எந்த ஓசைக்கு என்ன அர்த்தம். விடாத ஒரே ஊதலா, விட்டு விட்டா, ஏறி இறங்குகிறதா என்பதை ஆலை முடிவு செய்து, தமிழில் துண்டுச்சீட்டு அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுக்க வேண்டும்.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் (பெயர் வேண்டாம்) ஒத்திகை நாளன்று ஊர்க்காரர்களை ஒரு பள்ளி மைதானத்தில் கூட்டினோம். பந்தல், மோர், ஒலிபெருக்கி எல்லாம் தயார். அதிகாரிகள் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு பாட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்து, புகைபோக்கி மேலிருந்த, காற்று போகும் திசை காட்டும் துணிப்பையைக் காட்டினார். அது மைதானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. கசிவு நிஜமாக இருந்திருந்தால் அத்தனை பேரையும் வாயுவுக்கு நேராகக் கொண்டுபோய் உட்காரவைத்திருப்போம். காலையில் திட்டம் போட்டபோது காற்று மேற்கிலிருந்து வந்தது, பிற்பகலில் கடற்காற்று திரும்பிவிட்டது, அவ்வளவுதான். கடலோர டெல்டாவில் ஒன்றுகூடும் இடம் ஒன்று போதாது, எதிரெதிர்த் திசையில் இரண்டு வேண்டும் என்பதை அன்றுதான் எங்கள் திட்டத்தில் சேர்த்தோம்.

ஒப்பந்தத் தொழிலாளி நான். வால்வு ஒன்று கசிகிறது, மேற்பார்வையாளர் ‘வேலையைப் பார்’ என்கிறார். வேலை போய்விடுமோ என்று பயம்.

தம்பி, பயம் நியாயம். 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த 41-எச் பிரிவு, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாகக் கருதும் தொழிலாளி அதை நிர்வாகத்துக்கும் அதே நேரத்தில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமையைக் கொடுத்தது. 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அந்த உரிமை இருக்கிறது. ஒப்பந்தமா நிரந்தரமா என்ற பேதம் அதில் இல்லை. நிர்வாகம் ஆபத்து இல்லை என்று நினைத்தால்கூட விஷயத்தை ஆய்வாளருக்கு அனுப்பியாக வேண்டும், முடிவு அவருடையது. வாயால் சொன்னது காற்றோடு போகும். வால்வு எண், தேதி, நேரம் எழுதி, பாதுகாப்புக் குழுவில் உள்ள ஒருவர் வழியாகக் கொடுங்கள். தனியாகக் கொடுப்பதைவிட நாலு பேர் கையெழுத்தோடு கொடுப்பது உங்களுக்கு நல்லது.

கொள்ளிடக் கரைக் கூட்டுக் குடிநீர் நிலையத்தில் 11 பெரிய குளோரின் சிலிண்டர்கள் இருக்கின்றன. ஊராட்சி உறுப்பினர் என்ற முறையில் நான் என்ன பார்க்க வேண்டும்?

பதினொன்று என்ற எண்ணைப் படித்ததும் சிரித்துவிட்டேன். ‘ஒரு டன் சிலிண்டர்’ என்று பெயர், உள்ளே இருப்பது சுமார் 900 கிலோ. பதினொன்றுக்கு 9.9 டன். குளோரினுக்கு முதல் கோடு 10 டன், இரண்டாவது 25. பன்னிரண்டாவது உருளை வந்தால் பெரு விபத்து அபாய நிலையம், வராவிட்டால் இல்லை! தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் கோட்டுக்குக் கீழே நிற்பதையே பாதுகாப்பு என்று நினைக்கிற ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஒரே ஒரு உருளை முழுதாகக் கசிந்தாலே பக்கத்துத் தெருவுக்குப் போதும்.

அறைக்குள் போனால் உருளையின் தலைப்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு வால்வுகள் இருக்கும். அவை ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்போது மேல் வால்வில் வாயு, கீழ் வால்வில் திரவம். கசிவு கீழே என்றால் உருளையை உருட்டி, கசியும் இடத்தை மேலே கொண்டுவருவது முதல் வேலை. ஏனென்றால் திரவமாகக் கசிந்தால் அது பல மடங்கு வாயுவாக விரியும். உருட்டுவதற்கு இடம் விட்டிருக்கிறார்களா, அல்லது பழைய பைப்பும் மூட்டையும் அடைத்திருக்கின்றனவா? மூச்சுக்கருவி அறைக்கு வெளியே மாட்டியிருக்கிறதா? உள்ளே பூட்டி வைத்திருந்தால் அது அலங்காரம். கசியும் உருளைமீது தண்ணீர் அடிக்கக்கூடாது, ஈரக் குளோரின் ஓட்டையை அரித்துப் பெரிதாக்கும் என்று பணியாளருக்குத் தெரியுமா? குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம், பள்ளத்தில் தேங்கும். ஊரில் சொல்ல வேண்டியது, ஆற்றுப் பள்ளத்துக்கு ஓடாதீர்கள், மாடிக்கு ஏறுங்கள் என்பது.

ரயில்வே கேட்டில் எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் டேங்கர் லாரி நிற்கும்போது பயமாக இருக்கிறது. உள்ளே என்ன என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? – திருவாரூர்

பின்பக்கப் பலகையில் நான்கு இலக்க எண் இருக்கும். 1075 சமையல் எரிவாயு, 1203 பெட்ரோல், 1005 அமோனியா, 1017 குளோரின். இந்த நான்கை மனப்பாடம் செய்தால் போதும். விபத்து என்றால் 101க்குச் சொல்லும்போது முதலில் அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

விபத்து நடந்தால் பக்கத்தில் குடியிருப்பவருக்கு இழப்பீடு உண்டா? வழக்குப் போட்டுத் தவறை நிரூபிக்க வேண்டுமா?

1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி நிரூபிக்க வேண்டாம். மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும், விபத்து நடந்த ஐந்து ஆண்டுக்குள். மூன்று மாதத்தில் அவர் தீர்க்க வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் 1991இல் அட்டவணையில் வைத்த தொகையைக் கேட்டால் சட்டத்தையே மடித்து வைத்துவிடத் தோன்றும்: உயிரிழப்புக்கு 25,000 ரூபாய். அது உடனடி நிவாரணம் மட்டுமே என்பதையும், முழு இழப்பீட்டுக்கு நீதிமன்றம் போவதை அது தடுக்காது என்பதையும் மறக்க வேண்டாம். 1985 டிசம்பரில் டெல்லியில் நடந்த ஓலியம் (புகையும் கந்தக அமிலம்) கசிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் மறு ஆண்டே சொல்லிவிட்டது: ஆபத்தான தொழில் நடத்துகிறவருக்கு முழுப் பொறுப்பு, எந்த விதிவிலக்கும் கிடையாது. இரண்டு வழியையும் ஒருசேரப் பிடிக்க வேண்டும். மருத்துவச் சீட்டு, செத்த மாட்டுக்குக் கால்நடை மருத்துவர் தந்த சான்று, கருகிய பயிரின் தேதியிட்ட படம் இவற்றை முதல் நாளே சேர்த்து வையுங்கள்.

2020இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனதே, பழைய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை மூடிவிடுவார்களா?

அந்தச் சட்டம் புதிதாக வருவதைத்தான் தடுக்கிறது. புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வும் துளையிடலும், உருக்காலைகளும் கூடாது. ஏற்கெனவே நடப்பவை தொடரும். பழைய குழாய்க்கு வயது ஏறிக்கொண்டே போவதால், இந்தச் சட்டம் வந்த பிறகு கண்காணிப்பைக் கூட்டத்தான் வேண்டும்.

நாங்கள் காரைக்கால் மாவட்டம், வாஞ்சூர் பக்கம். ஆலை தமிழ்நாட்டு எல்லைக்குள். யாரிடம் கேட்பது?

நாகூரைத் தாண்டினால் உங்கள் ஊர். டீசல் விலை அங்கே மாறும், காற்று மாறாது. வெளிவளாகத் திட்டம் ஆலை இருக்கும் மாவட்டத்தின் பொறுப்பு, அதனால் நாகப்பட்டினம் ஆட்சியருக்கு எழுதுங்கள். பாதிக்கப்படப் போவது காரைக்கால் மக்கள், அதனால் காரைக்கால் ஆட்சியருக்கும் எழுதுங்கள். மனு ஒன்றாகவே இருக்கட்டும், இரண்டு நகலிலும் மற்றவருக்கு அனுப்பியிருப்பதை மேலேயே குறிப்பிடுங்கள். கேள்வி இது: ஆலையின் அவசரகாலத் திட்டத்து வரைபடத்தில் பாதிப்பு வட்டம் போட்டிருப்பார்களே, அந்த வட்டம் மாநில எல்லையில் வெட்டப்பட்டிருக்கிறதா, முழு வட்டமாக இருக்கிறதா? வரைபடத்தின் நகலையே கேட்டு வாங்குங்கள். வந்ததும் எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.